கோழிக்கூண்டுக்கு விஜயபுரம் நேரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். ஜம்புலிங்கமாகிய நான் சொன்னால் கொஞ்சம் உப்புக் காரம் சேர்ந்திருக்கும் என்று எங்கள் மரைன் ஹில்லில் ஒரு பேச்சு இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தமானில் ஹேடோ துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டவன் நான். எண்ணாத மூட்டையை எண்ணியதாக ஒரு நாளும் எழுதியதில்லை. எண்ணிய மூட்டையில் ஒன்றிரண்டு வழிதவறி எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததாகச் சிலர் சொல்வார்கள். அது வேறு விஷயம். இது என் தூக்கத்தைப் பற்றிய விஷயம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூண்டு. எட்டுக் கோழி, ஒரு சேவல். சேவலுக்கு சூப்பரின்டெண்ட் என்று நான்தான் பெயர் வைத்தேன். தான் ஒரு வேலையும் செய்யாது, சத்தம் போட்டே மற்றவர்களை வேலை வாங்கும். கோழிகளில் மூத்தது அலமு. அலமு என்பது என் சொந்த அக்காவின் பெயர். அது தற்செயலாக அமைந்தது என்று என் மனைவி ஜெயலட்சுமி சொல்கிறாள்.

இந்தத் தீவில் சூரியன் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. நாடு முழுக்க ஒரே நேரம், நாங்களோ கிழக்கே கடலுக்கு நடுவில் கிடக்கிறோம். நவம்பர் மாதம் காலை ஐந்து மணிக்கு மெயின்லேண்டில் கும்மிருட்டு. இங்கே அந்நேரத்துக்கு எதிர்வீட்டில் யார் பல் துலக்குகிறார்கள் என்று முகம் தெரியும். சாயங்காலம் ஐந்தே காலுக்கு விளக்குப் போட வேண்டும். அதனால் காலை ஐந்துக்குக் கூண்டைத் திறக்காவிட்டால் ஒன்பதும் சேர்ந்து கத்துகிற கத்தலில் துறைமுகத்தில் நிற்கிற கப்பலெல்லாம் பதிலுக்குச் சங்கு ஊதும். ஜெயலட்சுமிக்கு முட்டி வலி. எனவே தினமும் ஐந்து மணிக்கு எழுந்து போய்த் திறக்கும் உத்தியோகம் எனக்கு. முப்பத்து நாலு வருஷம் ஆறு மணி ஷிப்ட் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் ஐந்து மணி ஷிப்டுக்கு மாற்றப்பட்டவன் நான் ஒருவன்தான்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் அருண்பிரசாத்திடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவன் ஒரு தானியங்கிக் கதவு வாங்கிக் கப்பலில் அனுப்பினான்.

"அப்பா, நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். விடிஞ்சா அதுவே திறக்கும், இருட்டினா அதுவே மூடும். மழை வந்தாக்கூட மூடிக்கும். ஊர் பேரை மட்டும் போன்ல போட்டுட்டாப் போதும், அந்த ஊர்ச் சூரியனைப் பார்த்து அதுவே நடந்துக்கும்."

கப்பல் சொன்ன தேதிக்கே ஹேடோவுக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கதையில் நீங்கள் நம்பச் சிரமப்படும் இடம் இது ஒன்றாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் சுலபம்.

ஜெயலட்சுமிக்குக் கதவு பிடிக்கவில்லை. தன் தம்பி மகள் உமா மகேஸ்வரியின் கல்யாணத்துக்காகத் தன் பிறந்த வீட்டுக்குப் பதினைந்து நாள் கிளம்பிக்கொண்டிருந்தாள். பெட்டியில் புடவையை அடுக்கியபடியே சொன்னாள்.

"மோட்டாரை நம்பி என் கோழியை விட்டுட்டுப் போறதா?"

"மோட்டாரை நம்பித்தான் நீயே பிளேன்ல போறே."

"பேச்சு நல்லாத்தான் வரும் உங்களுக்கு. சரி, ஒரே வார்த்தை. நான் திரும்பி வரும்போது ஒன்பதும் ஒன்பதா இருக்கணும். இருந்தா அந்தக் கதவு இருக்கட்டும், நீங்க ஏழு மணி வரைக்கும் தூங்குங்க. ஒண்ணு குறைஞ்சாலும் கதவைக் கழட்டிட்டு, ஆயுசுக்கும் அஞ்சு மணிக்கு நீங்கதான் எழுந்திரிக்கணும். அதுலயும் அலமுவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாலரைக்கு."

ஏழு மணி. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது. ஒத்துக்கொண்டேன்.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்து கதவை மாட்டினேன். அது ஒரு அலுமினியப் பலகை. மேலே மோட்டார், கீழே இறங்கி ஏறும். கூண்டு நானே செய்தது. சாமான் வந்த பெட்டிகளின் பலகையை வைத்து, புயலுக்குப் பயந்து கூரையில் மட்டும் எண்பது திருகாணி போட்டிருக்கிறேன். ஒரு திருகாணி கூடக் கழலாது. முட்டை எடுக்கும் சின்ன ஜன்னலுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஜெயலட்சுமி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். நான் முட்டையை எண்ணும் விதத்தில் அவளுக்குச் சந்தேகம் உண்டு.

அடுத்து ஊர் பெயர். போனில் போர்ட் பிளேர் என்று போட்டேன். அப்படி ஓர் ஊரே இல்லை என்றது. எழுபது வருஷமாக நான் இல்லாத ஊரில் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது, இப்போது ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டதே. அருண்பிரசாத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சொந்த ஊரின் பெயரைப் போடத் தெரியாதவன் என்று ஆகிவிடும் என்று கேட்கவில்லை. விஜயபுரம் என்று தட்டினேன். பதினாலு விஜயபுரம் வரிசையாக வந்து நின்றன. மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்தது. எது முதலில் நின்றதோ அதைத் தொட்டேன்.

"வணக்கம். விஜயபுரம் தேர்வு செய்யப்பட்டது. இனி நீங்கள் நிம்மதியாக உறங்கலாம்" என்று போன் பெண் குரலில் சொன்னது. எனக்கு அந்தக் குரல் மீது மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு சூப்பரின்டெண்ட் கூவியது. திரும்பிப் படுத்தேன். ஐந்தே காலுக்கு எட்டுக் கோழியும் சேர்ந்துகொண்டன. ஐந்தரைக்கு வெயிலே வந்துவிட்டது, கதவு அசையவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு பெரிய தர்ணா நடக்கிறது. கையால் தூக்கப் பார்த்தேன், கதவு இறுகிக்கொண்டது. போன் பேசியது.

"உங்கள் கோழிகள் உறங்குகின்றன. தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்."

உறங்குகிற ஒன்பதும் உள்ளேயிருந்து பலகையை உதைத்துக்கொண்டிருந்தன. பலமாக இழுத்தால் மோட்டார் போய்விடும், அப்புறம் மெயின்லேண்டுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அருண்பிரசாத் எச்சரித்திருந்தான். அடுத்த வீட்டு பிஸ்வாஸ் வேலிக்கு அந்தப் பக்கம் தலையில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"லிங்கம் தாதா, க்யா ஹோ ரஹா ஹை?"

என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே அவருக்குச் சொல்ல. "நயா தர்வாஜா, தாதா" என்றேன். புதுக் கதவு, அண்ணே.

"புரானா அச்சா தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழசு நல்லாயிருந்தது என்றால், பழைய கதவாகிய என்னைத்தான் சொன்னார்.

ஆறு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குக் கதவு 'ர்ர்ர்' என்று ஏறியது. அதே நொடியில் போன் அடித்தது. ஜெயலட்சுமி.

"எழுந்தாச்சா? இங்க இப்பதான் விடியுது. வாசல்ல நிக்கிறேன். அது என்ன சத்தம், கதவா?"

"கதவுதான். திறக்குது."

"பரவாயில்லையே, டாண்ணு விடியற நேரத்துக்குத் திறக்குதே. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

ஒரு மனைவி தானாக வந்து தப்பை ஒத்துக்கொள்ளும்போது குறுக்கே பேசக் கூடாது.

அன்று சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கோழிகள் ஒழுங்காக உள்ளே போய்ப் படுத்தன. இருட்டியது. கதவு ஆவென்று திறந்தே கிடந்தது. ஐந்தரைக்கு வேலியோரம் சருகு சரசரத்தது. டார்ச் அடித்தேன். உடும்பு. மூக்கிலிருந்து வால் நுனி வரை எங்கள் வீட்டு பெஞ்சு நீளம். நாக்கை நீட்டி நீட்டி, கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்தவரைப் போல நிதானமாகக் கூண்டைப் பார்த்து நடந்து வந்தது. கையில் கிடைத்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். அதுவும் ஐந்தடி தள்ளி உட்கார்ந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியே கதவுக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். முதலில் வங்காள மொழியில் பேசியது, பிறகு இந்தியில், தமிழுக்கு எதை எதையோ அழுத்தியதும் ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார், நான் ப்ரியங்கா. கதவுக்கு என்ன உதவி வேணும்?"

"மூட மாட்டேங்குதும்மா. இருட்டிப் போச்சு."

"ஒரு நிமிஷம் சார், சிஸ்டத்துல பார்க்கிறேன். சார், உங்க ஊர்ல இன்னும் வெளிச்சம் இருக்கு."

"நான் டார்ச் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"டார்ச்சை அணைச்சுட்டுப் பாருங்க சார்."

அணைத்தேன்.

"இப்ப என்ன தெரியுது சார்?"

"ஒண்ணும் தெரியலை."

"கண்ணை டாக்டர்கிட்ட காமிச்சீங்களா சார்?"

ஆறே காலுக்குக் கதவு தானாக இறங்கியது. உடும்பு எழுந்து போய்விட்டது. அடுத்த நாள் சரியாக ஐந்தரைக்கு மறுபடி வந்தது. அதற்கடுத்த நாளும். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த யாரும் இத்தனை ஒழுங்காக டியூட்டிக்கு வந்து நான் பார்த்ததில்லை.

ஆக, கதவு வருவதற்கு முன்னால் காலையில் இரண்டு நிமிஷ வேலை இருந்தது. கதவு வந்த பிறகு காலையில் ஒரு மணி நேரம் கூச்சலைக் கேட்பதும், சாயங்காலம் ஒரு மணி நேரம் துடைப்பத்தோடு காவல் இருப்பதும் என்று ஆனது. இதற்குத் தானியங்கி என்று பெயர்.

ஆறாம் நாள் சூப்பரின்டெண்ட் மனம் மாறியது. கதவு திறக்கும் நேரம்தான் விடியல் என்று முடிவு செய்து, ஆறு பன்னிரண்டுக்குத்தான் கூவியது. இனித் தூங்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கோழிகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து மணியிலிருந்து சேவல் தூங்கும், எட்டும் சுற்றி நின்று அதைத் திட்டும். எங்கள் வீட்டில் இதை நான் கேட்டதுண்டு, எட்டு வாயில் ஒரே நேரத்தில் கேட்டதில்லை.

அதைவிடப் பெரிய வினை வெளியே நடந்தது. எங்கள் மலையில் எல்லாச் சேவலும் சூப்பரின்டெண்டின் குரலைக் கேட்டுத்தான் கூவும். இது தூங்கியதும் அவையும் தூங்கின. பிஸ்வாஸ் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் சமையல்காரர். திங்கட்கிழமை விடியற்காலைப் படகுக்குச் சேவல் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பார். ஜெட்டிக்குப் போனபோது படகு போய், அது கிளப்பிய அலை கூட அடங்கியிருந்ததாம். பள்ளிக்கூட பஸ் டிரைவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. பால்காரர் மத்தியானம் வந்து குட் மார்னிங் சொன்னார். ஒரு வாரம் மரைன் ஹில் முழுவதும் மற்ற ஊருக்கு ஐம்பது நிமிஷம் பின்னால் ஓடியது. யாருக்கும் காரணம் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஜெயலட்சுமி தினமும் காலை ஆறு பன்னிரண்டுக்குப் போன் செய்தாள். "இங்க இப்பதான் விடியுது" என்பாள். கதவு 'ர்ர்ர்' என்னும். "நல்ல கதவு" என்பாள். "ஒன்பதும் இருக்கா?" என்பாள். "இருக்கு" என்பேன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. தூக்கமில்லாதவனுக்கு எதுதான் உறைக்கும்.

பதினாலாம் நாள் வந்தது. மறுநாள் மத்தியானம் ஜெயலட்சுமி வருகிறாள். ஒன்பதும் ஒன்பதாக இருந்தன. இன்னும் ஒரே ஒரு நாள், அதற்குப் பிறகு ஏழு மணி என்று எண்ணிக்கொண்டே பழைய சோற்றை எடுத்துப் போய்க் கூண்டுக்குள் வைத்தேன். சாயங்காலம் நான் காவல் இருப்பதால் உடும்பு பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டது எனக்குத் தெரியாது. கோழிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசியாக அலமு போனாள். அலமுவுக்குப் பின்னால், வரிசையைக் கலைக்காமல், உடும்பும் போனது.

நான் துடைப்பத்துக்குத் திரும்பினேன். அந்த நொடியில் கதவு 'ர்ர்ர்' என்று இறங்கி மூடிக்கொண்டது.

மணி பன்னிரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் கிடையாது.

"மழை தொடங்கியது" என்றது போன். "உங்கள் கோழிகள் பாதுகாப்பாக இருக்கின்றன."

உள்ளே எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. கதவைத் தூக்கினேன், இறுகியது. ஜன்னலில் பூட்டு. கூரையில் எண்பது திருகாணி. வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்தக் கூரைதான், அது இப்படிக் காலை வாரியது. அப்போது போன் அடித்தது.

"ஏங்க, நாளைக்கு பிளேன் வருமான்னே தெரியலை. இங்க மழை கொட்டுகொட்டுன்னு கொட்டுது. இப்பதான் ஆரம்பிச்சுது, அதுக்குள்ள பந்தலெல்லாம் தண்ணி. மத்தியானத்துலயே ராத்திரி மாதிரி இருட்டிப் போச்சு."

நான் வானத்தைப் பார்த்தேன். கூண்டைப் பார்த்தேன். அவளிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பதினாலு நாளில் முதல் தடவையாக அந்த எழுத்தைப் படித்தேன். விஜயபுரம், திருவாரூர் மாவட்டம்.

ஜெயலட்சுமி பிறந்த ஊர் அதுதான். கட்டிய நாள் முதல் அந்த வீட்டுக்காரர்கள் சொல்கிறபடி நான் நடந்துகொண்டிருந்தேன். இப்போது என் கோழிகளும் நடந்துகொண்டிருந்தன.

ப்ரியங்காவுக்குப் போன் போட்டேன்.

"சார், மழை நேரத்துல கோழியை வெளிய விடக் கூடாது சார்."

"இங்க மழை இல்லைம்மா. ஊர் தப்பாப் போட்டுட்டேன்."

"உங்களுது எந்த ஊர் சார்?"

"ஸ்ரீ விஜயபுரம்."

"விஜயபுரம்னுதானே சார் இருக்கு."

"அது வேற விஜயபுரம். இது அந்தமான்."

"ஓ, டூர் போயிருக்கீங்களா சார்? கோழியையும் கூட்டிக்கிட்டா போனீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். ஊரை மாற்ற ஓடிபி வரும் என்றாள். அது கதவை வாங்கியவர் போனுக்குத்தான் வரும் என்றாள். வாங்கியவன் அருண்பிரசாத். அவனிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் அவன் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தால் ஏழு மணி போயிற்று. சொல்லாவிட்டால் அலமு போய்விடுவாள், ஏழு மணியும் போய்விடும். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. திருவாரூரில் மழை விட வேண்டும்.

"ஜெயா, மழை விட்டுடுச்சா?"

"இல்லைங்க. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

பத்து நிமிஷம் கழித்து மறுபடி.

"இப்ப விட்டுடுச்சா?"

"கல்யாண வீட்டுல ஆயிரம் வேலை இருக்கு. நாளைக்கு வந்துருவேன், கவலைப்படாதீங்க."

மூன்றாவது தடவை, நான்காவது தடவை. ஐந்தாவது தடவை அவளுக்குப் பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அத்தானால இருக்க முடியலை போல இருக்கு" என்று எவளோ சொன்னாள். ஜெயலட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னங்க, உடம்பு நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?"

"எனக்கென்ன. நீ கொஞ்சம் வெளிய வந்து, தெற்குப் பக்கம் வானம் வெளுத்திருக்கான்னு பாரு."

"நான் நனைஞ்சுருவேனோன்னு பயமா? கல்யாணமான புதுசுலகூட நீங்க இப்படிக் கேட்டதில்லை."

கூண்டுக்குள் அரை மணி நேரமாகச் சத்தமே இல்லை. சத்தம் இருந்தபோது அதை நிறுத்தத் தவித்தவன், இப்போது ஒரே ஒரு கொக்கரிப்புக்கு ஏங்கிக்கொண்டு பலகை இடுக்கில் காதை வைத்துப் படுத்திருந்தேன். பிஸ்வாஸ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். அவர் அப்போதே என்னைக் கைவிட்டுவிட்டார்.

பதினேழாவது போன், மணி மூன்று பத்து.

"விட்டுடுச்சுங்க. பளிச்சுனு வெயில் வந்துருச்சு. இப்ப சந்தோஷமா?"

கதவு 'ர்ர்ர்' என்று ஏறியது.

முதலில் சூப்பரின்டெண்ட் வந்தது. பின்னால் ஒவ்வொன்றாகக் கோழிகள். துறைமுகத்தில் எண்ணுவது போல விரலை மடக்கி எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான். அலமு இல்லை. நாலரை மணி அலாரம் என் காதில் இப்போதே அடிப்பது போல இருந்தது.

அப்புறம் உடும்பு வந்தது. மூன்று மணி நேரம் எட்டுக் கோழியின் வசவையும் ஒரு சேவலின் கூவலையும் அந்தச் சின்னக் கூண்டுக்குள் கேட்ட உடும்பு எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கண் சொருகியிருந்தது. நடை தள்ளாடியது. மெதுவாக முழு உடம்பும் வெளியே வந்து, கடைசியாக வால் வந்தது. வாலின் நுனியைக் கெட்டியாக அலகில் கவ்விக்கொண்டு அலமு வந்தாள். வேலி வரைக்கும் அதை விடவில்லை. வேலியில் நுனியை விட்டுவிட்டு, இறகை ஒரு தடவை உதறிக்கொண்டு திரும்பினாள். என் அக்காவும் கடன்காரர்களை வாசல் வரை இப்படித்தான் வழியனுப்புவாள். அந்த உடும்பை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஜெயலட்சுமி வந்தாள். பெட்டியை வைப்பதற்கு முன் கூண்டுக்குத்தான் போனாள். எண்ணினாள். ஒன்பது. அலமுவைத் தூக்கி இறகைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு குறை இல்லை. அன்று எனக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள், கேட்காமலே அப்பளம் பொரித்தாள். பதினேழு போனுக்கு உண்டான மரியாதை அது. ஏழு மணி என் கையில் வந்துவிட்டது என்று நினைத்து, அன்று இருட்டியதும் துடைப்பத்தோடு உட்காருவதைக் காற்று வாங்குவது என்று அவளிடம் சொல்லிச் சமாளித்துவிட்டு, படுத்தேன்.

காலை ஐந்து மணிக்கு எட்டும் ஆரம்பித்தன. ஜெயலட்சுமி எழுந்தாள்.

"ஏங்க, விடிஞ்சிருச்சே. கதவு ஏன் திறக்கலை?"

தூங்குவதாக நடித்தேன். தலைமாட்டிலிருந்து போனை எடுத்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடி வேண்டாம், நல்ல கண்பார்வை.

"எங்க ஊர் பேரு போட்டிருக்கு."

நான் குறட்டை விட்டேன்.

"எழுந்திரிங்க. நீங்க குறட்டை விட்டா இப்படி இருக்காது. அப்ப, மழை விட்டுடுச்சா மழை விட்டுடுச்சான்னு பதினேழு தடவை கேட்டது?"

எழுந்து உட்கார்ந்தேன். "அருணுக்குப் போன் போட்டு ஊரை மாத்திடலாம், ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"ஒண்ணும் மாத்த வேண்டாம். எங்க ஊர் நேரம், அப்படியே இருக்கட்டும். வீட்டுல எங்க பக்கத்து நேரமும் ஒண்ணு ஓடட்டும்."

"ஜெயா, ஒன்பதும் ஒன்பதா இருக்கு. நீ கொடுத்த வார்த்தை."

"வார்த்தைன்னா வார்த்தைதான். யாரு மாத்தினா? கதவு இருக்கும். நீங்க தாராளமா ஏழு மணி வரைக்கும் தூங்கலாம்."

"இந்தக் கூச்சல்லயா?"

"கஷ்டமாத்தான் இருக்கும். அதுங்களுக்கு யாராவது பேச்சுத் துணைக்கு இருந்தாக் கத்தாது. அஞ்சு மணிக்கு எழுந்து போய்க் கதவு திறக்கிற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டிருங்க. என்கிட்ட பேசினீங்களே, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதே மாதிரி."

அப்படித்தான் நடக்கிறது. தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, கூண்டு முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு, மூடிய கதவோடு ஆறு பன்னிரண்டு வரை பேசுகிறேன். முன்பு இரண்டு நிமிஷத்தில் முடிந்த வேலை. ஹேடோவில் இறங்கிய சரக்கு, திரும்பிப் போகாத மாலுமிகள், துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை தானாக நடந்து போன கதை என்று எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. எட்டும் அமைதியாகக் கேட்கும். அலமு மட்டும் நான் உண்மை பேசும் இடங்களில் நம்பாமல் தொண்டையைச் செருமுவாள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: இத்தனையும் செய்த, அருண்பிரசாத் அனுப்பியிருக்கும் அந்தக் கதவை ஏற்றிய கப்பல் சென்னையிலிருந்து அடுத்த புதன்கிழமைதான் புறப்படுகிறது.